நான் கே போட்ட பெயர்கள்

1. போன்

ஒரு புதன்கிழமை காலை, சேவை மையத்தின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கட்சியின் மாநிலச் செயலாளர் மணிவண்ணன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் கட்சியில் அவர் பாஸ், நான் எழுத்து வேலை பார்க்கிறவன்.

“சேகர் அண்ணே, சட்டமன்றம் எந்த நேரமும் கலையலாம். உங்க சீட்டுக்கு ரெண்டு பேரு மேசையில இருக்கு. ஒன்னு நம்ம ஸ்டெல்லா அக்கா. இன்னொன்னு பங்சார் லோயர் கிரிதரன். ரெண்டுல யாரு வின்னபள்னு எனக்குத் தெரியணும். பத்து நாள்ல ரோல முடிச்சுக் கொண்டாந்துருங்க.”

சீட் எங்கள் கட்சியிடம்தான் இருந்தது, இருந்த உறுப்பினர் மறுபடி நிற்கப்போவதில்லை. லோயர் என்றால் வக்கீல், பங்சார் கோலாலம்பூரில் வசதியானவர்கள் இருக்கும் இடம். ரோல் என்றால் வாக்காளர் பட்டியல். வின்னபள் என்றால் நின்றால் ஜெயிக்கக்கூடியவர். நல்லவர், உழைத்தவர் என்ற சொற்களெல்லாம் எங்கள் தொழிலில் தேர்தல் முடிந்து நன்றிக் கூட்டம் போடும்போது வருகிறவை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது இருப்பது ஒரே சொல்தான், வின்னபள்.

எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று எழுதப்போவதில்லை. மலேசியாவில், கிள்ளான் பக்கம் என்று தெரிந்தால் போதும். நடந்ததில் பெரிய தப்பு என்னுடையது. என் தப்பை எழுத அடுத்தவன் விலாசம் எதற்கு?

நான் பண்டமாரானில் பிறந்து வளர்ந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு வேறு தாமானுக்கு, அதாவது வேறு குடியிருப்புக்கு, வந்துவிட்டேன். துறைமுகத்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கிளார்க். கம்பெனியை இழுத்து மூடியபோது, ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு எவன் வேலை கொடுப்பான்? வீட்டில் உட்கார்ந்து மனைவியிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அதே துறைமுகத்தில் ஷிப்பிங் கிளார்க்காக இருந்த ஸ்டெல்லா அக்காதான் என்னைக் கூட்டிவந்து, தொகுதி மக்களின் குறை கேட்கக் கட்சி நடத்தும் சேவை மையத்தில் உட்காரவைத்தார். அவரும் அப்போது கம்பெனி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் கட்சிக்கு வந்திருந்தார். அக்காவின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்த கத்தோலிக்கக் குடும்பம். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன் ஜொகூரில் இருக்கிறான்.

போனில் வந்த செய்தியை அக்காவிடம் மறைக்கவில்லை. அவர் ஒரு பெரியவரின் பிறப்புப் பத்திரத்தைக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரை அனுப்பிவைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“போன தடவை அடுத்த தடவைன்னு சொன்னாங்க. இந்தத் தடவையும் இல்லன்னா அப்புறம் எனக்குக் கெடையாது சேகர். அறுபது ஆவப்போவுது.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற மாதிரி ஏதோ சொன்னேன்.

“எனக்காக ஒன்னும் கூட்டிப் போடாதீங்க. உள்ளத எழுதுங்க. அது போதும்.”

உள்ளதை எழுதுவதில் எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

2. சுலாஆன்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வீடு வீடாகப் போய் யார் எந்தப் பக்கம் என்று பட்டியலில் குறித்து வருவதற்குச் சுலாஆன் என்று பெயர். மலாய்ச் சொல்தான், எல்லா இனத்துக் கட்சிக்காரர்களும் அப்படியே சொல்கிறோம். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு எழுத்து. நம் ஆள் என்றால் பி, அதாவது பூத்தே, வெள்ளை. எதிரி ஆள் என்றால் எச், ஹீத்தாம், கறுப்பு. பிடிபடாதவன் என்றால் கே, கெலாபு, சாம்பல். இப்போது கைப்பேசியில் தட்டுகிறார்கள். நான் செய்த காலத்தில் தாளும் பென்சிலும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உங்கள் ஓட்டு யாருக்கு என்று யாரையும் நேராகக் கேட்கக் கூடாது. கேட்டால் மலாய்க்காரர் சிரிப்பார், சீனர் கடையில் வேலை இருக்கிறது என்பார், நம்மவர் காப்பி கொடுத்து “பாக்கலாம்ணே” என்பார். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். அதனால் வேறு மாதிரி கேட்போம். “இந்த வரிசையில ஆளுங்க எப்படி, என்ன பேசிக்கிறாங்க?” என்போம். உடனே வாய் திறந்துவிடும். இங்கே எல்லோரும் கோபத்தில் இருக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னால், கோபத்தில் இருப்பது அவன்தான். மனிதன் தன் மனசைப் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் ஏற்றித்தான் வெளியே அனுப்புவான். அடுத்தவர்களைப் பற்றி அவன் சொல்வதை அவன் பெயருக்கு எதிரே எழுது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் எழுத்துப் பிசகாமல் இப்படித்தான் சொன்னார்கள்.

இரண்டு தேர்தலில் இந்த முறையை வைத்து நான் கணித்தது தப்பவில்லை. வாக்குச் சாவடியில் வயதுவாரியாகப் பிரித்து வரிசை நிற்கவைப்பார்கள். சாலூரான் என்போம். முதல் சாலூரானில் கிழடுகள், கடைசி சாலூரானில் இளசுகள். எந்தச் சாலூரானில் ஜெயிப்போம், எதில் தோற்போம் என்றுகூடச் சொன்னேன், நடந்தது. ஒரு கூட்டத்தில் மணிவண்ணன், சேகர் அண்ணன் பென்சிலுக்குப் பொய் தெரியாது என்று மேடையில் சொன்னார். கை தட்டினார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. வீட்டில் சாந்தி மட்டும், “ரொம்ப ஆடாதீங்க, பென்சிலுதான” என்றாள்.

3. பத்து நாள்

முதல் நாள் டயர் கடை லோக்கிடம் போனேன். சீனர், வாயாடி. மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவர் கடைக்கு முன்னால் கால்வாய் அடைத்துத் தண்ணீர் உள்ளே ஏறியபோது, நகராண்மைக் கழக ஆட்களைக் கூட்டிவந்து அவர்கள் தோண்டி முடிக்கும்வரை வெயிலில் நின்றது ஸ்டெல்லா அக்கா. அதை லோக்கே சொன்னார். அந்தம்மா மாதிரி யாரும் இல்லை என்றார். வழக்கம்போல் கேட்டேன், ஆட்கள் எப்படி? உதட்டைப் பிதுக்கினார். சீனர்களுக்குப் பிரச்சினை இல்லை, மலாய்க்காரர்கள் அந்தம்மாவுக்குப் போட மாட்டார்களே, பெண்பிள்ளை, அதுவும் சர்ச்சுக்குப் போகிறவர் என்றார். தன் வாயால் நல்லது, அடுத்தவன் பேரில் சந்தேகம். கே போட்டேன்.

அடுத்தது நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்காரர் காக் ரொஸ்னா. காக் என்றால் அக்கா. வெள்ளம் வந்தபோது அவர் மாமியாரை முழங்கால் தண்ணீரில் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தது அக்காதான். அக்கா பேசுவது துறைமுகத்து பாசார் மலாய், சந்தைப் பேச்சு. இலக்கணம் கிடையாது, வசவு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்கத் தனக்குப் பிடிக்கும் என்று ரொஸ்னா சொல்லிச் சிரித்தார். ஆட்கள் எப்படி என்றேன். எங்கள் பக்கம் சரிதான், உங்கள் இந்தியர்களுக்குப் படித்த லோயர்தானே பிடிக்கும், சீனர்களும் இங்கிலீஷ் பேசுகிற ஆளைத்தானே கேட்பார்கள் என்றார். கே.

கோயில் செயலாளர் ஒருவர். நிலப் பட்டா விஷயமாகக் கோயிலுக்காக நடையாய் நடந்தது அக்காதான் என்று அவரே சொன்னார். எங்களுக்கு அக்காமேல் ஒரு குறையும் கிடையாது, ஆனால் மற்ற இனத்தவர் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்றார். கே. சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்தும் ஆன்டி, நம்ம பொண்ணுதான், நமக்குப் பெருமைதான், இந்துக்கள் போடுவாங்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருக்கும் கே.

அடுக்குமாடி வீடுகளில் இன்னும் மோசம். லிஃப்ட் ரிப்பேர் ஆகிக் கிடந்தபோது ஒரு மாதம் அக்கா படியேறி வந்து எங்களைப் பார்த்தார் என்று மூன்று மாடியில் சொன்னார்கள். அதே மூன்று மாடியிலும், நாங்க போடுவோம்ணே, மத்தவங்கதான் தெரியல என்றார்கள். கே, கே, கே. பென்சிலைச் சீவிச் சீவிப் போட்டேன்.

கிரிதரனுக்குத் தனித் தாள் வைத்து, அவரைப் பற்றியும் கேட்டேன். யாருக்கும் அவரைத் தெரியாது. தெரியாத ஆளிடம் என்ன குறை சொல்வது? லோயர் என்றால் நாலு பேர் ஒப்புக்கொள்வார்கள் என்றார்கள். முறைப்படி அதை அவர்கள் மனசு என்று எடுத்துக்கொண்டு பி போட்டேன். இன்று நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்று எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை என் வீட்டு வரிசை. எல்லா வீட்டையும் முடித்து என் வீட்டு வாசலுக்கு வந்தேன். பட்டியலில் எங்கள் விலாசத்தில் இரண்டு பெயர். சாந்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். விளையாட்டாக அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

“நான் அக்காவுக்குத்தான் போடுவேன்.”

“அது சரி. மத்தவங்க?”

“மத்தவங்களப் பத்தி என்னை ஏன் கேக்குறீங்க? அவங்க வீட்டுல போய்க் கேளுங்க.”

அவளுக்குப் பி போட்டேன். என் வரியையும் நிரப்பிவிட்டுத் தாளை மடித்து வைத்தேன்.

4. பிரிக்பீல்ட்ஸ் மாடி

கூட்டம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்துப் போனேன். மணிவண்ணன் இருந்தார். மாநில மகளிர் பிரிவுத் தலைவி இருந்தார். சுற்றி ஏழெட்டு நிர்வாகிகள். கீழே ரசம் கொதிக்கும் வாசனை. வேட்பாளர்கள் இருவரையும் கூப்பிடவில்லை.

மணிவண்ணன் கிரிதரன் பக்கம். அவர் சொன்ன காரணங்களைத் தவறாகச் சொல்ல முடியாது. நம்ம ஓட்டு மட்டும் வைத்துக்கொண்டு இங்கே எந்தச் சீட்டையும் ஜெயிக்க முடியாது, மூன்று இனமும் போட வேண்டும். கிரிதரன் மூன்று மொழியும் சுத்தமாகப் பேசுவார். டிவி விவாதத்தில் உட்கார்ந்தால் எடுபடுவார். பத்துமலை தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார், நோன்பு மாதத்தில் கஞ்சி கொடுக்கிறார், கிறிஸ்துமஸுக்கு ஊரையே வீட்டுக்கு அழைத்து ஓப்பன் ஹவுஸ் விருந்து வைக்கிறார். அவரை யாருக்கும் பிடிக்காமல் போகக் காரணமே இல்லை.

மகளிர் தலைவி விடவில்லை. பிடிக்காமல் போகக் காரணம் இல்லை என்பது பிடிப்பதற்குக் காரணம் ஆகுமா என்று கேட்டார். கிரிதரனைப் பார்த்தவன் எல்லோரும் தலையாட்டுவான், மழை பெய்தால் ஓட்டுப் போட வர மாட்டான், ஸ்டெல்லாவுக்காகக் குடை பிடித்துக்கொண்டு வருவான் என்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம் என்றார்.

ஒரு நிர்வாகி, ஸ்டெல்லாவுக்குத் தொகுதியில் நல்ல பெயர்தான், ஆனால் எல்லாம் ஒரு வட்டத்துக்குள்தான் என்றார். இன்னொருவர், அந்த வட்டத்தை அளந்து பார்த்தது யார் என்று கேட்டார். ஒரு மணிநேரம் இப்படியே போனது. ஒருவருக்கும் தெரியாத விஷயத்தைப் பற்றி எல்லோரும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மணிவண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“நம்ம எல்லாரும் வாயால பேசுறோம். அண்ணன் வீடு வீடா ஏறிட்டு வந்திருக்காரு. சொல்லுங்கண்ணே, அக்காவுக்கு ரோல் என்ன சொல்லுது?”

தாளை மேசையில் விரித்தேன். ஸ்டெல்லா அக்கா எனக்கு எவ்வளவு வேண்டியவர் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஒருதலையாகப் பேசுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் வேறு. அக்காவும் உள்ளதைத்தானே எழுதச் சொன்னார்.

“அக்காமேல எல்லாருக்கும் மரியாதை இருக்கு பாஸ். ஆனா முக்காவாசி கே.”

மகளிர் தலைவி என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேச்சு அதற்குமேல் வளரவில்லை. மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கிரிதரன் என்றார்கள். சாப்பிட்டுப் போங்கள் என்று மணிவண்ணன் கூப்பிட்டார். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

அக்கா சேவை மையத்தைப் பூட்டாமல் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், ரோலில் அப்படித்தான் இருந்ததா என்று. ஆமாம் என்றேன். அப்போ சரி என்றார். மணிவண்ணன்மேல் கோபப்பட்டிருப்பார், கட்சிமேல் கோபப்பட்டிருப்பார், ஆனால் என் பென்சிலை அவர் நம்பினார். அந்த நம்பிக்கை இன்றும் என்னைக் குடைகிறது.

5. பின்னால் தேடியவர்கள்

கிரிதரனைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்த முதல் நாளே அக்காவைப் பார்த்து, உங்க இடத்துல வந்து நிக்கிறேன், மன்னிச்சுக்குங்க என்றார். அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு எல்லா லோரோங்கிலும் நடந்தார். சந்துச் சந்தாக, படிப்படியாக. தனக்குக் கேட்க வேண்டிய ஓட்டை இன்னொருவருக்குக் கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வெயிலில் கறுத்துப்போனார், அவ்வளவுதான்.

நாலைந்து நாள் கழித்துக் கிரிதரன் காரில் என்னிடம் சொன்னார்.

“அங்கிள், கை குடுக்குறாங்க, சிரிக்கிறாங்க. ஆனா பார்வை என்னைத் தாண்டிப் பின்னாடி போவுது. யாரையோ தேடுறாங்க.”

யாரைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பின்னால் நோட்டீஸ் கட்டோடு அக்கா வந்துகொண்டிருந்தார்.

காக் ரொஸ்னா கடையில் அது வெளிப்படையாகவே வந்தது. கிரிதரன் சுத்தமான மலாயில் அழகாகப் பேசி முடித்தார். ரொஸ்னா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவர் அடுத்த கடைக்குப் போனதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கெனாப்பா புக்கான் காக் ஸ்டெல்லா?”

ஏன் ஸ்டெல்லா அக்கா இல்லை என்று கேட்கிறார். நீங்கள்தானே இந்தியர்கள் போட மாட்டார்கள், சீனர்கள் போட மாட்டார்கள் என்றீர்கள் என்றேன். அவருக்கு ஆச்சரியம். நான் போட மாட்டேன் என்று எப்போது சொன்னேன், நீ என்னைப் பற்றிக் கேட்கவே இல்லையே என்றார். ஒரு பொட்டலம் நாசி லெமாக்கைக் கட்டி, இது காக் ஸ்டெல்லாவுக்கு, வெயிலில் நடக்கிறார் என்று கொடுத்தார்.

அங்கேயே நின்றுவிட்டேன். டயர் கடை லோக் மலாய்க்காரர்களைக் காட்டினார். ரொஸ்னா இந்தியர்களையும் சீனர்களையும் காட்டினார். கோயிலில் மற்ற இனத்தாரைக் காட்டினார்கள். சர்ச்சில் இந்துக்களைக் காட்டினார்கள். ஆளாளுக்கு அடுத்தவனைக் கைகாட்டினார்கள். போட மாட்டேன் என்று தன்னைப் பற்றிச் சொன்னவன் அந்தப் பத்து நாளில் ஒருவனாவது உண்டா? வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

கட்சி எது என்று கேட்கும்போது மனிதன் ஒளிகிறான், அதனால் பக்கத்து வீட்டுக்காரனைச் சொல்கிறான். அங்கே என் முறை சரி. அக்காவைப் பற்றிக் கேட்டபோது யாரும் ஒளியவில்லை. எனக்குப் பிடிக்கும், மற்றவர்களுக்குத்தான் பிடிக்காது என்று உண்மையாகவே நம்பிச் சொன்னார்கள். அவர்கள் பயத்தை எடுத்து அவர்கள் ஓட்டு என்று எழுதியவன் நான்.

மணிவண்ணனுக்குப் போன் செய்தேன். வேட்புமனு முடிஞ்சிருச்சுண்ணே, போஸ்டர் ஒட்டியாச்சு, இப்ப போய் இதைச் சொல்றீங்களே என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை.

வாக்களிப்பு நாளில் மழை பெய்யவில்லை, நல்ல வெயில். ஆனாலும் ஆள் வரவில்லை. எதிரி அலை ஒன்றும் அடிக்கவில்லை, நம் ஆட்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள். அக்கா கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைக்கும் கிழடுகளின் முதல் சாலூரானிலேயே வரிசை இல்லை. எண்ணி முடித்து ஒவ்வொரு சாலூரானுக்கும் ஒரு தாள் வரும், போராங் பதினாலு என்போம். தாளைப் பார்க்கும்போதே கிரிதரன் முகம் விழுந்துவிட்டது. தோற்றோம். பெரிய தோல்விகூட இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கொஞ்சம் பேர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருந்தால் போதும்.

மணிவண்ணன் மறுநாள் சொன்னார், ஸ்டெல்லா அக்காவை நிறுத்தியிருந்தால் இன்னும் மோசமாகத் தோற்றிருப்போம் என்று. இருக்கலாம். அவர் சொன்னது பொய் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிறுத்தாத ஆள் எத்தனை ஓட்டு வாங்குவார் என்று காட்ட எந்த போராங்கும் கிடையாது. அவர் சொன்னது அப்படியே நின்றுவிட்டது, கட்சியில் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

6. பெட்டி கட்டிய நாள்

சீட் போனதால் சேவை மையத்தையும் மூடச் சொல்லிவிட்டார்கள். அக்காவும் நானும் மட்டும் உட்கார்ந்து பெட்டி கட்டினோம். மேல்முறையீட்டுக் கடிதங்கள், அடையாள அட்டை நகல்கள், லிஃப்ட் கம்பெனிக்கு எழுதிய புகார்கள். எதைக் கிழிப்பது, எதை ஆட்களிடம் திருப்பிக் கொடுப்பது என்று அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். ரொஸ்னா சொன்னதை, நான் செய்ததை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். துறைமுகத்தில் லோரி டிரைவர்களைத் திட்டிப் பழகிய வாய் அது. அந்த ரோல் எங்கே என்று மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு பெயரையும் அவருக்குத் தெரியும். லோக் பெயரில் விரல் வைத்தார், ரொஸ்னா பெயரில் வைத்தார், படியேறிப் போன மூன்று மாடியிலும் வைத்தார். என் தாமான் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

“சாந்திக்குப் பி போட்டிருக்கீங்க.”

“ஆமாக்கா.”

“உங்களுக்குக் கே போட்டிருக்கீங்க.”

அந்த மாலை வாசலில் நின்று என் வரிக்கு வந்தபோது, ஊரைக் கேட்ட கேள்வியைத்தான் என்னையும் கேட்டுக்கொண்டேன். நான் அக்காவுக்குத்தான் போடுவேன், மற்றவர்கள் போடுவார்களா தெரியாது என்று மனசு சொன்னது. முறைப்படி அதற்குக் கே. கை பழக்கத்தில் போட்டுவிட்டது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது, சொந்தப் பெயருக்கும் சலுகை காட்டாத பென்சில் என்று.

“நீங்க எனக்குப் போட்டிருக்க மாட்டீங்களா சேகர்?”

“போட்டிருப்பேன்க்கா. சத்தியமா.”

“அப்புறம் ஏன் கே?”

“மத்தவங்க போட மாட்டாங்களோன்னு…”

அவர் ரோலைப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, மெதுவாக. தேடுகிற மாதிரியே புரட்டினார். பிறகு மூடி என் மடியில் வைத்தார்.

“அந்த மத்தவங்க யாரு சேகர்? இதுல இருக்கிற எல்லாரையும் எனக்குத் தெரியும். அவங்க பேரு மட்டும் இதுல இல்ல.”

அழுதுவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது ஆள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அக்கா எழுந்து பெட்டிக்கு டேப் ஒட்டினார். இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க என்றார். பிடித்தேன்.

7. கடைசியாக

சில மாதத்தில் அக்கா ஜொகூருக்கு மகனோடு போய்விட்டார். ஒரு கண்டெய்னர் கம்பெனியில் எழுத்து வேலை கிடைத்திருக்கிறது என்று கேள்வி. தீபாவளிக்குச் சாந்திக்குப் போன் செய்வார். என்னை விசாரிப்பார். நான் வாங்கிப் பேச மாட்டேன், குளிக்கிறார் என்று சாந்தி சொல்லிச் சமாளிப்பாள்.

நின்றிருந்தால் ஜெயித்திருப்பாரா? என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். தெரியாது. தோற்றிருக்கவும் கூடும். தோற்றிருந்தால் அவர் தோல்வியாக இருந்திருக்கும், அதற்காவது அவருக்கு உரிமை உண்டு. நான் அதையும் கொடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். கதவைத் திறப்பவரிடம் அவரைப் பற்றிக் கேளுங்கள், அவர் சொல்வதை அவர் பெயருக்கு எதிரே எழுதுங்கள். பக்கத்து வீட்டைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சாந்தி இதை மீன் கழுவிக்கொண்டே சொன்னாள், நான் கேட்கவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நாமெல்லாம் பயப்படுகிறோமே, பத்து நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன், அந்த நாலு பேரை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

போன மாதம் எங்கள் தாமானுக்குச் சுலாஆன் செய்ய ஒரு பெண் வந்தாள். புதுப் பட்டியலை அவள் கைப்பேசியில் பார்த்தேன். அக்காவின் லோரோங்கில் அவர் பெயர் இல்லை, ஜொகூருக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். என் வரி வந்ததும் அந்தப் பெண், இங்கே ஆளுங்க எப்படி அங்கிள் என்று கேட்டாள். ஆளுங்களப் பத்தி எனக்குத் தெரியாதும்மா, என்னைக் கேளு என்றேன். அவள் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றாள்.